பிள்ளை இல்லையா? இருவரும் பரிசோதிப்போம்

கல்யாணமாகி ஒரு வருஷம் கடந்தும் பிள்ளை தங்காவிட்டால், லயத்திலும் சரி, 1977 கலவரத்தின்பின் வன்னியில் குடியேறிய நம்ம சொந்தங்களிடமும் சரி, பழி பெண் தலையில்தான். காரணம் ஆணிடமும் இருக்கலாம் என்கிறோம்.

வெரிக்கோசீல் என்பது விதைப்பை நாளங்கள் புடைத்துச் சுருள்வது. பெரும்பாலும் இடப்பக்கம் வரும். நின்றால் தெரியும், படுத்தால் குறையும். 100 ஆண்களில் சுமார் 15 பேருக்கு உண்டு. பலருக்குப் பிள்ளையும் உண்டு. ஆனால் இரத்தம் தேங்கிச் சூடு ஏறுவதால் சிலருக்கு விந்தணு குறையும், பழுதுபடும்.

விந்துப் பரிசோதனையில் அணுக்களின் எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் தெரியும். தேவையானால் சத்திர சிகிச்சை உண்டு. புதிய அணு உருவாக இரண்டரை மாதமளவு செல்லும், பொறுமை வேண்டும். எல்லோருக்கும் பலிக்குமென்றில்லை.

வெட்கம் வேண்டாம். தோட்ட வைத்தியரிடமோ, வன்னியிலென்றால் வவுனியா, கிளிநொச்சி அரசாங்க வைத்தியசாலைகளிலோ கேளுங்கள். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்தே போங்கள்.