மனையின் விலையும் மனச் சமாதானமும்



பணத்தினால் சந்தோஷம் வருமா என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்போம். விடிந்ததும் பணத்துக்கே ஓடுவோம். அதில் பாவமில்லை. அரிசிக்கும் மருந்துக்கும் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் பணம் வேண்டும். பசித்தவனிடம் பணம் வீண் என்று பிரசங்கிப்பது பிறர்சிநேகமல்ல.

ஆயினும் நம் ஊரில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். 1924-ம் வருஷம் ஜூன் 26-ந் தேதி இரவு ரமணாசிரமத்தில் கள்ளர் புகுந்தனர். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ரமணர் சொல்லியும், வெளியே வந்தவர்களை அடித்தார்கள். தொடையில் அடிபட்ட அவர், திருப்தியில்லையானால் மற்றக் காலிலும் அடிக்கலாம் என்றார். பதிலுக்கு அடிக்கப் போன சீஷனையும் தடுத்தார். கள்ளருக்குக் கிடைத்ததோ சொற்பம். அவருடைய வேதாந்தம் நம்முடையதல்ல. ஆனால் மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன ஆண்டவரின் பிள்ளைகளாகிய நாம் இதைக் கேட்டுக் கொஞ்சம் வெட்கப்படலாம்.

நாம் குடும்பஸ்தர்; சகலத்தையும் துறக்க நமக்கு அழைப்பில்லை, மெய்தான். இன்று அதே ஆசிரமத்தைச் சுற்றி, செங்கம் சாலையோரம், மனை விலை ஏறிக் கிடக்கிறது. வேர்க்கடலை போட்ட காணிக்காகச் சண்டையிடாத உடன்பிறப்புகள், அது மனையானதும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். பணம் வங்கியில் ஏறுகிறது. திருநாள் பூசையில் அண்ணன் ஒரு மூலை, தங்கை ஒரு மூலை.

அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 12-ம் அதிகாரத்தைப் பாருங்கள். தன் சகோதரனிடமிருந்து பாகம் வாங்கித் தரும்படி ஒருவன் சேசுநாதரைக் கேட்கிறான். அவர் பாகம் பிரிக்க மறுத்து, களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய தனவானின் உவமையைச் சொல்லுகிறார். அன்றிரவே அந்தத் தனவானின் உயிர் கேட்கப்பட்டது.

பாகம் எவ்வளவு என்று சட்டம் சொல்லும். உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால், 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுச் சட்டப்படி, கிறீஸ்தவ விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமபங்கு. ஆண் பெண் பேதமில்லை. கலியாணத்துக்குச் செலவழித்தோமே என்பார்கள். அந்தச் செலவால் அவள் பங்கு அழிந்துபோவதில்லை.

இது ஏழாம் கற்பனையைச் சேர்ந்த விஷயம். அநியாயமாய் வைத்திருப்பதைத் திருப்பிக் கொடுக்கும் கடமை, பாவசங்கீர்த்தனம் செய்த பின்னும் நிற்கும். தங்கை மனதார விட்டுக்கொடுத்தால் அது வேறு. ஆனால் கையெழுத்து வாங்குமுன், அவள் புருஷனோ உங்கள் மனைவியோ பக்கத்தில் இல்லாதபோது, அவளைத் தனியே கேளுங்கள். அவள் வாய் திறந்து கேட்கவில்லையே என்று சொல்லாதீர்கள். பிறந்த வீட்டுக் கதவு அடைபட்டுவிடும் என்ற பயத்தினாலேயே பலர் கேட்பதில்லை.