முட்புழுவின் மேல் சுமத்தப்படும் பழி

கடல்நீர்த் தொட்டியில் பவள உயிர்களை வளர்ப்போரிடையே, பாறை இடுக்கிலிருந்து இரவில் தலைநீட்டும் இளஞ்சிவப்பு முட்புழு பவளத்தைத் தின்று தீர்த்துவிடும், அதைக் கண்டவுடன் மருந்தூற்றிக் கொல்ல வேண்டும் என்ற வதந்தி, எத்தனை முறை மறுத்தாலும் ஓயாமல் உலவுகிறது. உடலின் ஒவ்வொரு வளையத்திலும் இருபுறமும் நுண்முட்கொத்துகள் உடைய இப்புழு, மண்புழுவுக்குத் தூரத்து உறவான பாலிகீட் என்னும் பிரிவைச் சேர்ந்தது. தொட்டிகளில் பரவலாகக் காணப்படும் யூரிதோ போன்ற இனங்கள் மீன்கள் விட்டுவைத்த தீனியையும் செத்த உடல்களையும் தின்று வாழ்பவை. பவளத்தை உண்மையிலேயே மேயும் ஹெர்மோடைஸ் என்னும் நெருப்புப்புழு அட்லாண்டிக், மத்தியதரைக் கடல்களுக்குரியது. அங்குள்ள புழுவின் குற்றத்துக்கு இங்குள்ளதைத் தண்டிப்பது என்ன நியாயம்? சாகும் பவளத்தின்மேல் புழு ஊர்வதைக் கண்டதும் கொலைப்பழி சுமத்துவோர், தொட்டிநீரின் உப்பளவையும் வெப்பத்தையும் முதலில் அளந்து பார்க்கட்டும்.

கடலே இல்லாத கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டத்தில் இவ்வதந்தி மேலும் கேடானது. ஏனெனில் ஆடுமாடுகளுக்குத் தரும் ஃபென்பென்டசோல் என்னும் குடற்புழு மருந்து அங்கே எளிதில் கைக்கு எட்டுவது. அதைத் தொட்டியில் ஊற்றினால் பாறைக்குள் ஒளிந்திருக்கும் புழுக்கள் கூட்டமாகச் செத்தழுகி, அம்மோனியா ஏறி, மீன்களும் மடியக்கூடும். தீங்கற்ற விசிறிப்புழுக்களும் தப்புவதில்லை. அம்மாவட்டத்துக் கல்வராயன் மலையின் மழைநீர் கோமுகி, மணிமுக்தா வழியாக வெள்ளாற்றில் கலந்து கடல் சேரும் பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் கழிமுகச் சேற்றில் வாழும் பாலிகீட்டுகளை ஆராய்ந்து வந்திருக்கிறது. இறால் குஞ்சு பொரிப்பகங்களோ தாய் இறாலுக்கு ஊட்டுவதற்கென்றே இவ்வகைப் புழுக்களை விலைகொடுத்து வாங்குகின்றன. தொட்டியில் புழு பெருகுவது தீனி மிகுந்துவிட்டதன் அடையாளமாதலால், தீனியைக் குறைப்பதே மருந்து; அவசியமானால் துளையிட்ட குழாயில் இறால் துண்டு வைத்து இரவில் பிடிக்கலாம், ஆனால் முள் தோலில் ஒடிந்து எரியும் என்பதால் வெறுங்கையால் தொடலாகாது.

தீங்கற்ற சிறு குழாய்ப்புழுக்கள் கண்ணாடியில் ஒட்டும் வெண்சுருள் குழாய்களைச் சுரண்டியெடுப்பதும் வீண்வேலை. செந்துருநிறத் தட்டைப்புழுக்கள் பவளத்தை மூடிப் படரும்போது மட்டும் மருந்துக்கு இடமுண்டு. அவை சாகும்போது நஞ்சு கசிவதால், முன்னதாக இயன்றவரை உறிஞ்சி வெளியேற்றி, பிறகு கரித்தூள் வடிப்பானை ஓட்ட வேண்டும். தலையில் ஐந்து உணர்கொம்புகளோடு வானவில்லாய் மினுங்கும் யூனிஸ் இனப் புழுவைப் பற்றிய அச்சத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. 2009இல் இங்கிலாந்தின் நியூகே காட்சியகத்தில் பவளங்களைச் சிதைத்த ஏறத்தாழ 4 அடிப் புழு, தொட்டியைக் கலைத்த பிறகே அகப்பட்டது.

இப்புழுக்கள் பெரும்பாலும் உயிர்ப்பாறை எனப்படும், கடலிலிருந்து பெயர்த்த பாறையோடு வருபவை. பாறைப்பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்க, 1986இல் 21 தீவுகளைக் கொண்டு அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் பாறை வேண்டும் என்று கேட்போர், புழுவைக் குறைகூறும் தகுதியை இழந்தவர்கள். அதற்கு மாற்றாக, சிமென்டிலோ சுட்ட களிமண்ணிலோ செய்த பாறையை நன்கு ஊறவைத்துக் கழுவி, நன்மை செய்யும் பாக்டீரியாவை அதில் குடியேற்றி, சில வாரங்கள் பொறுத்த பின்னரே மீனை விட வேண்டும்.