காய்ச்சலே இல்லாத பேத்திக்கு மலேரியா மாத்திரை எதற்கு?

கேள்வி: என் மகளும் மருமகனும் சியரா லியோனில், ஃப்ரீடவுனில் இருக்கிறார்கள். பேத்திக்கு மூன்று மாதம். பத்தாவது வாரத் தடுப்பூசிக்குப் போனபோது, மலேரியா வராமலிருக்க என்று ஒரு மாத்திரையைக் கரைத்துப் புகட்டினார்களாம். காய்ச்சலே இல்லாத பிள்ளைக்கு இதைத் தொடரலாமா? இங்கிருந்து நிலவேம்புப் பொடி அனுப்பட்டுமா?
– ஒரு பாட்டி, தஞ்சாவூர்

பதில்: மாத்திரை தொடரட்டும் அம்மா. நிலவேம்பு வேண்டாம், ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும்.

புகட்டியது சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின். ரத்தத்தில் மலேரியாக் கிருமி இருந்தால் ஒழிக்கும்; பிறகும் சில வாரம் உடம்பில் தங்கிப் புதிதாகத் தொற்றாமல் தடுக்கும். கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசியோடு இதைத் தருவதை உலக சுகாதார நிறுவனம் 2010இல் பரிந்துரைத்தது. நாடு முழுக்க முதலில் கொண்டுவந்ததே சியரா லியோன்தான். ஊசி போட எப்படியும் பிள்ளையைத் தூக்கி வருவார்கள், அன்றே மருந்தும் உள்ளே போய்விடும். தனி அலைச்சல் கிடையாது. குடித்த அரைமணிக்குள் வாந்தி எடுத்தால் அங்கேயே சொல்லி மறுபடி வாங்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கும் கோட்ரைமாக்சசோல் மருந்து எடுக்கும் குழந்தைக்கும் இது கூடாது.

ஆனால் இதை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், முதல் வயதில் மலேரியாக் காய்ச்சல் சுமார் 30 சதவீதம்தான் குறைந்தது. உங்கள் பேத்திக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த ஊர்த் தாய்மார்கள் சின்ன வயதிலிருந்தே மலேரியா கண்டவர்கள். அந்த எதிர்ப்புச் சக்தி கருவிலேயே பிள்ளைக்குக் கிடைத்து, முதல் சில மாதம் ஓரளவு காக்கும். தஞ்சாவூரில் வளர்ந்த உங்கள் மகளிடம் அது பெரும்பாலும் இருக்காது. வெளிநாட்டிலிருந்து போன குழந்தைகளுக்கு, எடையைப் பார்த்து, வாரம் ஒருமுறை மெஃப்ளோகுயின் போன்ற மருந்து தருவதுண்டு. பேத்திக்கு அது வேண்டுமா, இந்த மாத்திரையோடு சேருமா என்று மகள் அங்குள்ள குழந்தை மருத்துவரிடம் கேட்கட்டும். தானாக வாங்கிக் கொடுக்கக் கூடாது.

மருந்து ஏற்றிய கொசுவலை தினமும் வேண்டும். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசு கடிப்பது இரவில்தான். 2024இல் அங்கே மலேரியாத் தடுப்பூசியும் வந்துவிட்டது, ஐந்து மாதம் ஆனதும் விசாரிக்கச் சொல்லுங்கள். இத்தனைக்கும் மீறி உடம்பு சுட்டால், அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது; அங்கே பரவுவது ஃபால்சிபாரம் வகை மலேரியா, கைக்குழந்தையை ஓரிரு நாளில் சாய்த்துவிடும்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில் காய்ச்சல் கண்டால், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குழந்தை என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் சளிக் காய்ச்சல் என்று சிரப் எழுதி அனுப்பிவிடக் கூடும்.