புகை விடுதலும் துணை நிற்றலும்

விடுதல் என்னுஞ் சொல் தமிழிற் பல பொருள் பயப்பதாகும். தூது விடுதல் என்னுமிடத்து அனுப்புதலையும், மூச்சு விடுதல் என்னுமிடத்து வெளிப்படுத்துதலையும், பற்று விடுதல் என்னுமிடத்து நீக்குதலையும் அஃது உணர்த்தும். ஆதலின், 'அவர் புகை விடுகிறார்' என்று ஒருவரைக் குறித்துக் கூறின், அவர் புகைக்கின்றாரா, புகைத்தலை ஒழிக்கின்றாரா என்று ஐயுற இடமுண்டு. சீனிச்சர்க்கரைப் புலவர் இயற்றி, டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களால் 1939-ஆம் ஆண்டிற் பதிப்பிக்கப்பெற்ற 'புகையிலை விடு தூது' என்னும் நூலின் பெயரைக் கேட்ட மாணவரொருவர், புகையிலையை விட்டொழிக்குமாறு வந்த தூது போலும் என்று கருதியதும் இதனாலேயே. உண்மையில் அந்நூல் பழனி முருகனிடத்துப் புகையிலையையே தூதாக அனுப்புவது. இக்கட்டுரையோ அம்மாணவர் கொண்ட பொருளைப் பற்றியது.

பழந்தமிழ் நூல்களிற் புகையிலை இல்லை. அமெரிக்கக் கண்டத்துக்குரிய அப்பயிரைப் போர்த்துகீசியரே கடல் கடந்து இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர். வந்த சில தலைமுறைகளுக்குள் அது வேரூன்றிய திறம் வியப்புக்குரியது. ஆங்கிலத்திற் 'செரூட்' என வழங்குஞ் சொல் நம் 'சுருட்டு' என்பதன் திரிபேயாகும். வாங்கிய பொருளுக்கு ஈடாக ஒரு சொல்லைக் கொடுத்தோம் என்று மகிழ்வார் மகிழ்க.

புகைப்பவரைக் கடிந்து திருத்தும் முயற்சியும் பழமையானதே. இங்கிலாந்து மன்னரான முதலாம் ஜேம்ஸ் 1604-ஆம் ஆண்டிற் புகையிலையைக் கண்டித்துத் தாமே ஒரு சிறு நூல் வரைந்தார். அவ்வாண்டிலேயே அதன்மீது சுங்கவரியையும் பன்மடங்கு உயர்த்தினார். 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பு இவர் ஆட்சியில் எழுந்ததென்பதை நம் கல்லூரியினர் அறிவர். அம்மொழிபெயர்ப்பைப் போற்றிய நாடு, மன்னருடைய புகையிலை நூலைப் பொருட்படுத்தவில்லை. மன்னர் சொல்லே இவ்வாறாயின், விடுதி அறையில் நாம் நிகழ்த்தும் சொற்பொழிவு என்னாகும்?

புகைப்பவர் அதன் தீமையை அறியாதவரல்லர். நோயின் படம் பெட்டியின்மீதே அச்சிடப்பட்டிருக்கின்றது. 2016–17-இல் இந்தியாவில் நடைபெற்ற புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்போருட் பாதிக்கு மேற்பட்டோர் அதனை விட எண்ணியிருந்தமை வெளிப்பட்டது. எண்ணியும் விட இயலாமை என்னை? எவ்வகைத் துணையுமின்றித் தாமே விட முயன்றோரைக் குறித்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2004-இல் வெளிவந்த கட்டுரையின்படி, ஆறு திங்கள் முதல் ஓராண்டு வரை வழுவாது நின்றவர் 100 பேருக்கு 3 முதல் 5 பேரே. ஏனையோருட் பெரும்பாலார் முதல் 8 நாட்களுக்குள்ளேயே மீண்டும் புகைக்கத் தொடங்கினர். எனவே அவ்வெட்டு நாட்களைக் கடத்துதலே முதல் வேலை.

கடத்தினார்க்கு உளதாகும் பயனைச் சுருங்கக் கூறுவல். பிரிட்டனில் 34,439 ஆண் மருத்துவர்களை 1951 முதல் 2001 வரை தொடர்ந்து கவனித்து வந்த ரிச்சர்டு டால் முதலியோர், புகைப்போர் புகையாதாரினும் சராசரி 10 ஆண்டுகள் முன்னரே இறக்கின்றனர் என்றும், 30 வயதளவில் விட்டவர்க்கு அப்பத்தாண்டுகளும் ஏறத்தாழ முழுமையாக மீள்கின்றன என்றும் கண்டனர். 60-இல் விட்டவர்க்கு மீள்வன 3 ஆண்டுகளே. நம்மனோர்க்கு இக்கணக்கு விளங்காமற் போகாது.

இனிப் பிணிப்பின் இயல்பைக் காண்போம். புகையிலையிலுள்ள நிக்கோட்டின் என்னும் பொருளே இதற்குக் காரணம். 16-ஆம் நூற்றாண்டில் லிஸ்பன் நகரிற் பிரெஞ்சுத் தூதராயிருந்து, புகையிலையைத் தம் அரசவைக்கு அனுப்பிய ழான் நிக்கோ என்பார் பெயரால் அஃது அழைக்கப்படுகின்றது. (தூதுக்கும் புகையிலைக்கும் உள்ள தொடர்பு தமிழுக்கே உரியதன்று போலும்!) புகையை உள்ளிழுத்த ஏறத்தாழ 10 விநாடிகளில் அது மூளையை அடைந்து இன்பவுணர்ச்சியை எழுப்புகின்றது. பின்னர்க் குருதியில் அதன் அளவு ஏறத்தாழ 2 மணி நேரத்திற்கொருமுறை பாதியாகக் குறைந்து வருதலின், உடல் மீண்டும் அதனைக் கேட்கின்றது. கேட்டதைக் கொடுத்தவுடன் உண்டாகும் அமைதியைச் சிகரெட்டு தந்த நன்மையெனப் புகைப்பவர் கருதுகின்றார். வட்டிக்குக் கொடுத்தவன், வாங்கிய வட்டியில் ஒரு காசைத் திருப்பிக் கொடுத்து வள்ளலெனப் பெயர் பெறுதலை ஒக்கும் இது.

விட்டவர்க்குச் சில மணி நேரத்திற்குள் மனவமைதியின்மை, சினம், பசி மிகுதி, உறக்கக் குறைவு, பாடத்திற் கருத்தூன்ற இயலாமை ஆகியன தோன்றும். இவை 2-ஆம், 3-ஆம் நாட்களில் உச்சமடைந்து, பின் 2 முதல் 4 வாரங்களிற் படிப்படியாகத் தணியும். இதனை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அறியாதவர் 3-ஆம் நாளின் துன்பத்தைக் கண்டு, வாழ்நாள் முழுவதும் இவ்வாறே இருக்குமென அஞ்சி, டீக்கடையை நோக்கி நடக்கின்றனர். மேலும், வேட்கை இடையறாது நிற்பதன்று. அலைபோல் எழுந்து, சில நிமிடங்கள் நின்று, தானே வீழ்வது. அச்சில நிமிடங்களை எவ்வாறு போக்குவது என்பதற்கு விடையுடையவர் பெரும்பாலும் தப்புவர்.

விடை முன்னரே ஆயத்தமாயிருத்தல் வேண்டும். விடும் நாளை இரண்டு வாரங்களுக்குள் ஒரு நாளாகக் குறித்துக்கொள்க. தேர்வுக்கு முந்திய வாரம் ஆகாது. அதற்கு முன் மூன்று நாட்கள், எப்பொழுது, எவ்விடத்து, எவரோடு, எந்நிலையிற் புகைத்தோம் என்று ஒரு தாளிற் குறித்து வருக. பெரும்பாலோர் தாள்களில் ஒரே செய்தியே காணப்படும்: காலை எழுந்தவுடன், உணவுக்குப் பின், தேநீரோடு, பேருந்துக்குக் காத்திருக்கையில், தொலைபேசியில் நெடிது பேசுகையில். இவ்வொவ்வொன்றுக்கும் ஒரு மாற்று வேண்டும். உணவுக்குப் பின் புகைப்பவர் கை கழுவியவுடன் பல் துலக்குக. துலக்கிய வாய்க்குப் புகை சுவையாது. டீக்கடையிற் புகைப்பவர் சில வாரங்கள் அக்கடையை மறந்து, வேறிடத்து மோரோ எலுமிச்சைச் சாறோ பருகுக. கல்விக்கூடத்தைச் சுற்றி 100 கெஜத்திற்குள் புகையிலைப் பொருள் விற்றலாகாதென 2003-ஆம் ஆண்டுச் சட்டம் கூறும். 101-ஆவது கெஜத்திற் கடை இருத்தலை யாவரும் அறிவோம். ஆதலின் நடக்கும் வழியையே மாற்றுதல் நன்று. கைக்கும் வாய்க்கும் வேலை வேண்டுமெனின், தோலோடு கூடிய வறுத்த வேர்க்கடலையினும் சிறந்தது யான் கண்டிலேன். உரிக்க நேரம் செல்லும். நேரம் செல்லுதலே நமக்கு வேண்டுவது. ஏலக்காயும் கிராம்பும் சட்டைப்பையில் இடம் பெறுக. பெட்டி, தீப்பெட்டி, லைட்டர் யாவும் முதல் நாளிரவே அறையை விட்டு நீங்குக. 'இருக்கட்டும், தொடமாட்டேன்' என்று மேசையறையில் ஒன்றை வைத்திருப்பவர் தம்மைத் தாமே சோதிக்கின்றார், அச்சோதனை வேண்டாதது.

காப்பியைக் குறித்துப் பலர் அறியாத செய்தியொன்று உண்டு. புகையிலுள்ள சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, காப்பியிலுள்ள காபீனை விரைவில் அழியச் செய்கின்றன. புகை நின்றபின் அதே காபீன் உடலில் நெடுநேரம் தங்கும். முன்பு குடித்த நான்கு குவளையையே இப்பொழுதும் குடிப்பவர்க்குப் படபடப்பும் உறக்கமின்மையும் மிகும். அவர் அதனைப் புகை விட்டதன் துன்பமென்று மயங்குவர். காப்பியைப் பாதியாக்கினால் அத்துன்பத்தில் ஒரு பங்கு நீங்கிவிடும்.

மிகுதியாகப் புகைப்பவர்க்கு மருந்துத் துணையும் உண்டு. அதன் வரலாறு சுவையானது. சுவீடன் நாட்டு நீர்மூழ்கிக் கப்பலோர், கப்பலினுட் புகைத்தலாகாமையின், வாயில் அடக்கும் புகையிலையைக் கொண்டு வேட்கையைத் தணித்து வந்தனர். இதனை 1967-ஆம் ஆண்டில் கிளேஸ் லுண்ட்கிரென் என்னும் மருத்துவர் தம் நண்பர் ஓவே பெர்னோ என்பாருக்குக் கடிதமூலம் தெரிவித்தார். நிக்கோட்டினை மட்டும் புகையின்றிக் கொடுக்கலாமே என்னும் கருத்தினின்று நிக்கோட்டின் மெல்லுபசை பிறந்தது. அது 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரு அளவுகளிற் கிடைக்கும். எழுந்த அரைமணி நேரத்திற்குள் முதற் சிகரெட்டைத் தேடுவார்க்கே பெரிய அளவு உரியது. இதனை மிட்டாயைப்போல் விடாது மெல்லலாகாது. காரம் தோன்றும் வரை மெதுவாக மென்று, பின் கன்னத்தினுள் ஒதுக்கி வைத்து, காரம் தணிந்தபின் மீண்டும் மெல்லுதல் வேண்டும். காப்பியோ பழச்சாறோ பருகிய கால்மணி நேரத்திற்குள் மென்றாற் பயன் குறையும். மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மாத்திரைகளும் உள. இவற்றை மருத்துவரைக் கேட்டே கொள்க. மருந்தை நாடுதல் கோழைமையென்று கூறுவாரை யான் உடன்படேன். கால் முறிந்தவர் ஊன்றுகோல் கொள்ளுதலை யாரும் இகழ்வதில்லை. சிகரெட்டை விட்டுப் பீடிக்கு மாறுதலும், வாய்ப்புகையிலைக்கு மாறுதலும் விடுதலாகா. மின்சிகரெட்டு விற்பனையை 2019-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டுச் சட்டம் தடுத்துவிட்டது.

இனி மனிதத் துணையைக் கூறுவல். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிரேமிங்காம் என்னும் ஊரில் நெடுங்காலமாக நடந்துவரும் இருதய ஆராய்ச்சியின் ஏடுகளைக் கொண்டு, நிக்கோலாஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் பௌலர் என்னும் இருவர் 1971 முதல் 2003 வரை 12,067 பேரிடைப் புகைப்பழக்கம் எவ்வாறு பரந்தும் சுருங்கியும் வந்ததென ஆராய்ந்து, 2008-இல் முடிவை வெளியிட்டனர். கணவன் மனைவியருள் ஒருவர் விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 விழுக்காடும், நண்பர் விட்டால் 36 விழுக்காடும், உடன்பிறந்தார் விட்டால் 25 விழுக்காடும் குறைந்தன. மக்கள் ஒருவர் ஒருவராய் அன்றிக் கூட்டங் கூட்டமாகவே விட்டனர். விடாது எஞ்சியோர் நட்பு வட்டத்தின் ஓரங்களுக்கு ஒதுங்கிப் போயினர் என்பதும் அவர்கள் கண்டதே. இவ்விறுதிச் செய்தி என் நெஞ்சை உறுத்துகின்றது.

என் விடுதித் தோழரொருவர் இசைவளித்தமையின் அவர் செய்தியை எழுதுகின்றேன், பெயர் வேண்டாவென்றார். அவர் திருநெல்வேலிப் பக்கத்தவர். அன்னையார் மடியிற் பீடித் தட்டை வைத்து, இலை வெட்டித் தூளிட்டுச் சுற்றி நூல் கட்டி ஈட்டும் கூலியே அவருடைய கல்லூரிக் கட்டணம். 'புகையிலை தீதென்று நீங்கள் கூறுவது எளிது. எனக்குச் சோறிட்டது அதுதான்' என்று அவர் ஒருநாட் கூறியபோது, எங்களில் ஒருவருக்கும் விடை வரவில்லை. முதலாண்டுத் தேர்வு இரவுகளிற் புகைக்கத் தொடங்கிய அவர், பின்னர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு வரை சென்றுவிட்டார். அம்மா அறிந்தால் தட்டைத் தொடவும் கூசுவார்களே என்பதே அவர் துயரம். இருமுறை யாரிடமும் சொல்லாது விட முயன்றார். யாரும் அறியாமையால், வழுவியபோது தடுப்பாருமில்லை.

மூன்றாம் முறை எங்கள் மூவரிடம் சொல்லித் தொடங்கினார். 'இன்று புகைத்தாயா' என்று நாங்கள் கேட்கலாகாது. வேட்கை எழுந்தால் அவர் 'தூது வந்தது' என்று மட்டும் கூறுவார். உடனே எங்களில் ஒருவர் எழுந்து அவரோடு விளையாட்டு மைதானத்தை ஒருமுறை சுற்றி வருதல் வேண்டும். இவ்வளவே உடன்படிக்கை. ஒரு சுற்றுக்கு எட்டு நிமிடமாகும். வேட்கைக்கு அவ்வளவு ஆயுளில்லை. முதல் நாளிரவு மும்முறை சுற்றினோம். மூன்றாம் நாள், வாளியை இடம் மாற்றி வைத்ததற்காக என்மீது பெருஞ்சினங் கொண்டார். நிக்கோட்டின் பேசுகின்றதென்று யான் வாளாவிருந்தேன். அவ்வாறு இருத்தலே துணைவர் செய்யும் உதவிகளுட் பெரிதென்று இப்பொழுது கருதுகின்றேன். சட்டையை முகர்ந்து பார்ப்பதும், 'எத்தனை நாளைக்கு' என்று நகைப்பதும், விளையாட்டுக்கேனும் ஒன்றை நீட்டுவதும் கொடியன. அவரோடு முன்பு புகைத்த நண்பரிருவரைக் கைவிடுமாறும் நாங்கள் கூறவில்லை. அவர்கள் இரவுணவுக்குப் பின் எங்களோடு சுற்றவந்தனர். அந்நேரத்திற் புகைப்பதில்லையென்று தாமே கூறினர். அவருள் ஒருவர் இப்பொழுது விடும் நாளைக் குறித்திருக்கின்றார்.

பொங்கல் விடுமுறையே எங்களுக்கு அச்சம் தந்தது. வீடு முழுவதும் தூள் மணம், மைதானமுமில்லை, நாங்களுமில்லை. இரவுதோறும் ஒன்பது மணிக்குத் தொலைபேசியிற் பேசுவதென முடிவு செய்தோம். ஐந்தாம் நாள், உறவினர் திருமணத்தில் ஒன்று புகைத்துவிட்டதாக அவரே சொன்னார். முன் இருமுறையும் அவ்வொன்றே எல்லாவற்றையும் கெடுத்தது. ஒன்று போயிற்று, இனி என்ன என்று மறுநாளே முழுப்பெட்டி வாங்கினாராம். இம்முறை, எந்நேரம், யார் கொடுத்தார், அப்பொழுது வேறென்ன செய்திருக்கலாம் என்று மட்டும் கேட்டோம். பந்திக்குப் பின் ஆடவர் கூடும் திண்ணை என்றார். மறுநாள் விருந்திற் பந்தி முடிந்தவுடன் சிறுவர்களுக்கு இலையெடுக்கும் வேலையில் உதவச் சென்றுவிட்டார். கணக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவதா என்று கேட்டதற்கு, வேண்டா, ஒரு நாளைக் கழித்துத் தொடர்க என்றோம். அஃது ஏழு திங்களாகத் தொடர்கின்றது.

துணைவர் கிடையாதார்க்கும் ஒரு வழி உண்டு. 1800-11-2356 என்பது புகையிலை விட விரும்புவார்க்கு உதவ இந்திய அரசு அமைத்துள்ள தொலைபேசி எண், கட்டணமில்லை. 2018-ஆம் ஆண்டு முதற்கொண்டு சிகரெட்டு, பீடிப் பெட்டிகளின்மீதே அஃது அச்சிடப்பட்டு வருகின்றது. கடைசிப் பெட்டியைக் குப்பையில் எறிபவர், எறியுமுன் அதிலுள்ள எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்க.