சிறு நிறுவனங்களும் மேகக் கணிமையும்: ஒரு வகுப்பறைத் தேடல்

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூல் டேலியுடன் முடிகிறது. தாராபுரத்தில் வணிகவியல் படிப்போரில் பலர், திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களுக்கோ காங்கேயம் அரிசி, எண்ணெய் ஆலைகளுக்கோ கணக்கெழுதப் போகிறவர்கள். எனவே அந்த அலகை முடித்ததும் ஒரு கேள்வியை வகுப்பில் வைத்தேன்: இங்குள்ள சிறு நிறுவனங்கள் மேகக் கணிமைக்கு மாற ஏன் தயங்குகின்றன?

மேகக் கணிமையை விளக்க எமிஸ் செயலியே போதும். நம் கைபேசி உடைந்தாலும் பதிந்த வருகை அழியாது. அது எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. இணையம் நின்றால் நாம் படும் பாட்டையும் சொல்லிவிட வேண்டும்.

நிறுவனங்கள் புதிய தொழில்நுட்பத்தை ஏற்பதற்கான காரணிகளைத் தொழில்நுட்பம், நிறுவனம், சூழல் என மூன்றாக டோர்னாட்ஸ்கியும் ஃபிளெய்ஷரும் 1990இல் வகுத்தனர். நம் பகுதியில் மூன்றாவதுதான் கனமானது என்பது என் கருத்து. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தது. பிற வணிகர்களுக்குத் தரும் விலைப்பட்டியலை அரசுத் தளத்தில் பதிந்து குறிப்பெண் பெறும் இ-இன்வாய்ஸ் முறை, 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் அந்த வரம்பு 5 கோடிக்கு இறங்கியது. விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கணக்கு மேசைக்கு இணையம் வந்துவிட்டது.

"அப்படியானால் எல்லாரும் மேகத்துக்குப் போய்விட்டார்கள்தானே, சார்?" என்றான் ஒரு மாணவன். இல்லை. இ-இன்வாய்ஸ் எடுக்கும் அதே கணக்கு அலுவலகக் கணினியின் வன்தட்டிலேயே இருக்கலாம். இந்தக் குழப்பத்தை முதலில் தீர்க்காவிட்டால் பாடம் நகராது.

மீதியை அறிய, தெரிந்த கடைகளுக்கும் ஆலைகளுக்கும் மாணவர்களை அனுப்பினேன். செலவைப் பற்றிச் சிலர் சொன்னார்கள்: மென்பொருளை ஒருமுறை வாங்கினால் முடிந்தது, வாடகை என்றால் ஆர்டர் இல்லாத மாதத்திலும் கட்ட வேண்டும். ஆனால் அதிகம் கேட்டது வேறு. "நம்ம கணக்கு நம்ம கண்ணு முன்னால இருக்கோணும்" என்றாராம் ஓர் ஆலைக்காரர். எந்தத் தள்ளுபடியும் இந்த மனத்தடையைத் தீர்க்காது. தரவை யார் பார்க்க முடியும், சந்தாவை நிறுத்தினால் நம் கணக்கைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டுத் தெளிவுபெறத் தெரிந்த கணக்கர் அவர் அருகில் இருக்க வேண்டும். அந்தக் கேள்விகளையே மறுநாள் பயிற்சியாகக் கொடுத்தேன்.

ஒரு மாணவி தானியக் கடைக்குப் போயிருந்தாள். கடைக்காரர் தினமும் மாலையில் கணக்கைப் பென்டிரைவில் ஏற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர். "சட்டையைத் துவைக்கப் போட்டுட்டா என்னங்கண்ணா பண்ணுவீங்க?" என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து இரண்டாவது பென்டிரைவை எடுத்துக் காட்டினாராம்.