வெற்று அரியணையும் பாதுகையும்

பதவி ஆசை மனிதனை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை உணர்த்தும் வரலாற்று நிகழ்ச்சி ஒன்றை இங்குச் சிந்திப்போம்.

கி.மு. 323-இல் பாபிலோன் நகரில் அலெக்சாண்டர் மறைந்தபோது அவருக்கு வயது 32. நாடாளும் வயதில் வாரிசு இல்லை. பேரரசைக் காக்கப் பொறுப்பேற்ற தளபதிகளே விரைவில் ஒருவர்மீது ஒருவர் படையெடுத்தனர்.

அலெக்சாண்டரின் செயலராக இருந்தவர் யூமெனிஸ். கிரேக்கரான அவருக்குக் கீழ்ப்படிய மாசிடோனியத் தளபதிகளுக்கு மனமில்லை. எனவே கி.மு. 318-இல் அவர் ஓர் உபாயம் செய்தார். மன்னர் கனவில் தோன்றியதாகக் கூறி, ஒரு கூடாரத்தில் பொன் அரியணை அமைத்து, அதில் அவரது முடியையும் செங்கோலையும் வைத்தார். தளபதிகள் தூபமிட்டு வணங்கி, அதன் முன்னிலையில் ஆலோசித்தனர்.

அந்த ஒற்றுமை நீடிக்கவில்லை. காபியீன் போரில் எதிரியான ஆன்டிகோனஸ், மூத்த வீரர்களின் குடும்பங்களையும் அவர்கள் சேர்த்த செல்வத்தையும் கைப்பற்றினார். அவற்றை மீட்பதற்காக அவ்வீரர்களே யூமெனிஸைப் பிடித்து ஒப்படைத்தனர், அவர் கொல்லப்பட்டார். கி.மு. 306-இல் அரசர் பட்டம் சூடிய ஆன்டிகோனஸும் கி.மு. 301-இல், 80 வயதளவில், இப்சஸ் போர்க்களத்தில் மாண்டார். அலெக்சாண்டரின் மகனோ அதற்கு முன்பே, அரசாளும் வயதை எட்டுமுன், தாயுடன் கொலையுண்டிருந்தான்.

மன்னர் அமராத அரியணையை நம் இராமாயணமும் காட்டுகிறது. நந்திகிராமத்தில் பரதன் 14 ஆண்டுகள் இராமபிரானின் பாதுகையை முன்வைத்து அரசை நடத்தினான். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. ஆனால், தளபதிகள் தமக்குக் கிட்டாத அரியணையை வணங்கினர். பரதனோ தனக்குக் கிட்டிய அரியணையை வேண்டாமென்று விலக்கி வணங்கினான். முன்னதில் வணக்கம் உபாயம். பின்னதில் அது சரணாகதி.

அன்பர்களே, நாமும் குருதேவரின் திருவுருவத்தின் முன் அமர்ந்தே பணிகளைத் திட்டமிடுகிறோம். நம் கருத்து ஏற்கப்படாதபோது, நாம் ஆற்றிவந்த பணி வேறொருவரிடம் ஒப்படைக்கப்படும்போது, உள்ளம் என்ன சொல்கிறது? ‘என் இடம் போயிற்று’ என்று அது வாடினால், நாம் இன்னும் அந்தக் கூடாரத்திலேதான் இருக்கிறோம். ‘பணி அவருடையது, அது நடந்தால் போதும்’ என்று அமைதியுற்றால், நந்திகிராமத்தின் வாயிலை அடைந்துவிட்டோம். இச்சோதனையை அன்றாடம் மாலைத் தியானத்துக்கு முன் நமக்கு நாமே செய்துகொள்வோமாக!