வாடகை நம்முடையது, முன்பணம் யாருடையது?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமத்தால் தொடங்குகிறேன்.

வாடகைக்கு வீடு விடுபவர் என்றதும் பெரும் செல்வந்தர் என்று எண்ணிவிட வேண்டாம். மதுரையில் காஜிமார் தெரு, மகபூப்பாளையம், முனிச்சாலை, வில்லாபுரம் போன்ற பகுதிகளில் வீடு விடுவோரில் பலர் சாதாரண நிலையில் உள்ளவர்களே. கணவர் விட்டுச் சென்ற வளவில் இரண்டு வீடுகளின் வாடகையைக் கொண்டு பிள்ளைகளைக் கரையேற்றும் தாய்மார்கள் இருக்கிறார்கள். வளைகுடா நாட்டில் பல ஆண்டுகள் உழைத்து, சேர்த்த பணத்தில் மாடியில் ஒரு பகுதி கட்டியவர்கள் இருக்கிறார்கள். முதுமையில் வேறு வருமானம் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் வாங்கும் வாடகை ஹலாலான சம்பாத்தியம். அதில் சந்தேகமில்லை.

இவர்களுக்குள்ள சிரமங்களும் சிறியவை அல்ல. ஐந்தாம் தேதி வரவேண்டிய வாடகை இருபதாம் தேதி வருகிறது. போர் மோட்டார் கருகினால் ஒரு மாத வாடகை அதிலேயே போய்விடுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாநகராட்சிக்குச் சொத்து வரி கட்ட வேண்டும். ஆடி, மார்கழி மாதங்களில் நம் ஊர் மக்களில் பெரும்பாலோர் வீடு மாறுவதில்லை. அந்த நேரத்தில் காலியான வீடு பூட்டியே கிடக்கும். இத்தனைக்கும் நடுவே மொத்தமாகக் கையில் வருவது முன்பணம் ஒன்றுதான். ஆகவேதான் மார்க்கம் அறிந்தவர்கள்கூட அந்த ஒரு விஷயத்தில் சறுக்கிவிடுகிறார்கள். அதைப் பற்றி ஷரீஅத் என்ன சொல்கிறது என்பதை இங்கே பார்ப்போம்.

வாடகை என்பது என்ன?

வாடகைக்கு விடுவதை மார்க்கச் சட்டத்தில் 'இஜாரா' என்பார்கள். வீடு விற்கப்படுவதில்லை, வீட்டிலிருந்து கிடைக்கும் பயன் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு விற்கப்படுகிறது. மூஸா (அலை) அவர்கள் மத்யனில் ஒரு பெரியவரிடம் ஊழியம் செய்ய ஒப்புக்கொண்ட வரலாற்றை அல்கஸஸ் அத்தியாயத்தில் காண்கிறோம். எட்டு ஆண்டுகள் என்று காலம் பேசப்பட்டது, பத்தாக முடித்தால் அது அவர்களின் விருப்பம் என்றும் சொல்லப்பட்டது, அல்லாஹ்வே சாட்சியாக்கப்பட்டான். எது கடமை, எது உபகாரம் என்பது முதல் நாளிலேயே தெளிவாக்கப்பட்டதை இதில் கவனிக்க வேண்டும்.

ஆகவே எந்த வீடு, எவ்வளவு காலம், எவ்வளவு வாடகை என்ற மூன்றும் இருதரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் தனியே பணம் உண்டா, காலி செய்யும்போது வெள்ளையடிக்கும் செலவு யாருடையது என்பவற்றையும் குடிவரும் அன்றே பேசிவிட வேண்டும். முதலில் சொல்லாத நிபந்தனையைக் கடைசி நாளில் எடுத்து நீட்டுவது முறையன்று.

முன்பணத்தின் நிலை

முன்பணம் வாடகை அல்ல, அன்பளிப்பும் அல்ல. குடியிருப்பவர் வாடகை நிறுத்தினாலோ வீட்டைச் சேதப்படுத்தினாலோ ஈடு செய்துகொள்வதற்காகக் கொடுத்து வைக்கப்படும் பணம் அது. அப்படியே எடுத்து வைத்திருந்தால் அமானத். கொடுத்தவரின் சம்மதத்தோடு, அல்லது ஊர் வழக்கப்படி, அதைச் செலவு செய்துகொண்டால் அது நம் தலைமேல் ஏறிய கடன். இரண்டில் எதுவானாலும் அது நம்முடைய சொத்து அன்று.

நடைமுறையில் என்ன நடக்கிறது? வாங்கிய முன்பணம் மகளின் திருமணத்திலோ மாடிக் கட்டடத்திலோ கரைந்துவிடுகிறது. குடியிருப்பவர் காலி செய்கிறேன் என்றதும், "அடுத்த ஆள் வரட்டும், வாங்கித் தருகிறேன்" என்கிறோம். ஆனி கடைசியில் அவர் காலி செய்தால் ஆவணி வரை அடுத்த ஆள் வருவது அரிது. அதுவரை அவர் எங்கே போவார்? புது வீட்டுக்காரருக்கு முன்பணம் கொடுக்க அவர் நம்பியிருப்பது இந்தப் பணத்தைத்தானே! கையில் வசதி வைத்துக்கொண்டு கடனை இழுத்தடிப்பது அநீதி என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை.

இதற்கு வழி என்ன? முதலாவது, வாங்கும் தொகையைக் குறைப்பது. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது என்று அச்சட்டம் கூறுகிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கிகளைக் கழித்து மீதியைக் கொடுத்துவிட வேண்டும் என்றும் கூறுகிறது. குறைவாக வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுப்பதும் எளிது.

இரண்டாவது, செலவாகிவிட்டால் மாதந்தோறும் வாடகையில் ஒரு பகுதியை எடுத்து அந்தப் பணத்தை மீண்டும் நிரப்பிவைப்பது. மூன்றாவது, காலி செய்வதாயினும் காலி செய்யச் சொல்வதாயினும் இரண்டு மாதம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்வது. அப்போது இருவருக்கும் அவகாசம் கிடைக்கும்.

எதைக் கழிக்கலாம்?

வாடகை பாக்கி, கட்டாத மின்கட்டணம், கவனக்குறைவால் உடைந்த பொருள்கள் ஆகியவற்றைக் கழிக்கலாம். புழங்கியதால் மங்கிய சுவர், தேய்ந்த தாழ்ப்பாள், வயதாகிப் பழுதான குழாய் ஆகியவற்றுக்குக் கழிப்பது கூடாது. குடியிருப்பவரின் கையில் வீடு அமானத்தாக இருக்கிறது. வரம்பு மீறியோ அலட்சியத்தாலோ ஏற்பட்ட சேதத்துக்கு மட்டுமே அவர் பொறுப்பாவார் என்பது ஃபிக்ஹு நூல்களின் சட்டம். வீட்டைக் குடியிருக்கத் தகுந்ததாக வைத்திருப்பது உரிமையாளரைச் சேர்ந்தது.

குடியிருப்பவருக்கும் ஒரு வார்த்தை. "கடைசி மூன்று மாத வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று தாமாகவே வாடகையை நிறுத்துவது முறையன்று. வீட்டுக்காரர் சம்மதித்தால் ஆகும். இல்லாவிட்டால் அது அவருடைய ஹக்கை அவரிடம் கேட்காமல் தடுப்பதாகும்.

உண்மையிலேயே கஷ்டப்படுபவர் வாடகை கொடுக்க இயலாமல் நின்றால் அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது அல்பகரா அத்தியாயம் நமக்குக் கற்பிக்கும் பாடம். வசதியிருந்தும் ஏமாற்றுபவரிடம் கேட்டுப் பெற உரிமை உண்டு. ஜமாஅத்தார் முன்னிலையிலோ வாடகை அதிகாரியிடமோ முறையிடலாம். ஆனால் மின்சாரத்தை நிறுத்துவதும் தண்ணீர்க் குழாயை அடைப்பதும் கூடவே கூடாது. மேற்சொன்ன சட்டமும் அதைத் தடுக்கிறது. அந்த வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் நாம் ஏன் தண்டனை கொடுக்க வேண்டும்?

ஒத்தி வீடு

இனி நம் மதுரைச் சீமையில் பரவலாக உள்ள ஒத்தியைப் பார்ப்போம். ஒருவர் மூன்று லட்ச ரூபாய் கொடுத்து மூன்று ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருக்கிறார். காலம் முடிந்ததும் மூன்று லட்சத்தையும் முழுமையாகத் திரும்பப் பெற்றுக்கொண்டு போகிறார். இருவருக்கும் நன்மைதானே என்று கேட்பார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே தெருவில் அதே அளவு வீட்டுக்கு மாத வாடகை ஆறாயிரம் என்று வைத்துக்கொள்வோம். 36 மாதத்துக்கு 2,16,000 ரூபாய். மூன்று லட்சம் கொடுத்தவர் அந்த மூன்று லட்சத்தோடு 2,16,000 ரூபாய் பெறுமானமுள்ள குடியிருப்பையும் பெற்றிருக்கிறார். எதற்காக? கடன் கொடுத்ததற்காக. கடனைக் கொண்டு பலன் பெற நிபந்தனையிட்டால் அது வட்டி என்பதில் நான்கு மத்ஹபு இமாம்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பெயர் ஒத்தியானாலும் போக்கியமானாலும் உள்ளே இருக்கும் பொருள் மாறுவதில்லை.

"பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிந்திருக்கிறோமே" என்பார்கள். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அனுபவ அடமானத்தை அங்கீகரிப்பது உண்மை. அது நாட்டுச் சட்டத்தில் செல்லும் என்பதற்குச் சான்றாகுமே தவிர, மார்க்கத்தில் ஹலால் என்பதற்குச் சான்றாகாது. "இருவரும் மனமொத்துத்தான் செய்கிறோம்" என்பதும் பதிலாகாது. மனமொப்புதலால் வட்டி ஆகுமானதாகிவிடாது.

புகாரா, ஸமர்கந்துப் பகுதி ஹனபி உலமாக்களில் சிலர் மக்களின் நெருக்கடியை முன்னிட்டு, திருப்பி வாங்கும் நிபந்தனையோடு சொத்தை விற்கும் 'பைஉல் வஃபா'வை அனுமதித்தார்கள். உதுமானியர் ஆட்சியின் 'மஜல்லா' சட்டத் தொகுப்பிலும் அது இடம்பெற்றது. சிலர் ஒத்திக்கு அதை ஆதாரம் காட்டுவர். ஆனால் அதன் உட்பொருள் கடனைக் கொண்டு பலன் பெறுவதே என்று 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி ஆராய்ந்து, கூடாது என்று முடிவு செய்தது.

மொத்தப் பணம் தேவைப்படும் வீட்டுக்காரருக்கு மார்க்கம் வழியை அடைத்துவிடவில்லை. மேற்சொன்ன உதாரணத்தில், மூன்று ஆண்டு வாடகை 2,16,000 ரூபாயையும் முன்கூட்டியே வாடகையாகவே வாங்கிக்கொள்ளலாம். இருவரும் சம்மதித்து வாடகையை முன்னதாகக் கொடுப்பது ஆகுமானது. காலம் முடியும்போது திருப்பிக் கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை! குடியிருப்பவர் 20 மாதத்தில் காலி செய்ய நேர்ந்து ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டால், மீதி 16 மாதத்துக்கு உரிய 96,000 ரூபாயைக் கொடுத்துவிட வேண்டும். ஒத்தியில் மூன்று லட்சத்துக்கு எங்கே போவது என்று மூன்றாம் ஆண்டில் தவிப்பதைவிட வீட்டுக்காரருக்கு இது எவ்வளவோ இலேசானது.

உரிமையாளர் மவுத்தானால்

எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது இதுதான். வீட்டுக்காரர் திடீரென்று மவுத்தாகிவிடுகிறார். பிள்ளைகள் வீடுகளைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். முன்பணத்தைப் பற்றிக் கேட்டால், "வாப்பா வாங்கியது எங்களுக்குத் தெரியாது" என்கிறார்கள்.

ஹனபி மத்ஹபில் ஒப்பந்தக்காரர்களில் ஒருவர் மவுத்தானால் இஜாரா முறிந்துவிடும். ஷாஃபிஈ மத்ஹபில் குறித்த காலம் வரை நீடிக்கும். ஆனால் முன்பணம் கடன் என்பதில் எந்த மத்ஹபிலும் மாற்றமில்லை. கஃபன், தஃபன் செலவுக்கு அடுத்து கடன்; அதன் பிறகு வஸிய்யத்; அதன் பிறகே பாகப்பிரிவினை. கடன்பட்டு மவுத்தான ஒரு தோழரின் ஜனாஸாவைத் தொழவைக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனை ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்தார்கள். அது ஒரு சில தீனார் கடன். நம் தலைமேலோ மூன்று குடும்பங்களின் முன்பணம் இருக்கிறது!

ஜகாத் மஸ்அலா

வாடகை வீட்டின் விலைமதிப்புக்கு ஜகாத் இல்லை. வாடகையில் செலவு போக மிஞ்சிய பணம் நிஸாபை அடைந்து ஓராண்டு பூர்த்தியானால் நாற்பதில் ஒரு பங்கு கடமை. 1985இல் ஜித்தாவில் கூடிய மேற்சொன்ன அகாடமியும் இவ்வாறே தீர்மானித்தது. கையில் உள்ள பணத்தைக் கணக்கிடும்போது ஹனபிகள் முன்பணக் கடனைக் கழித்துக்கொள்ளலாம். ஷாஃபிஈ மத்ஹபின் பலமான சொல்லின்படி கடன் ஜகாத்தைத் தடுக்காது.

ஒரு நோட்டுப் புத்தகம்

அன்புச் சகோதரர்களே, தாய்மார்களே! கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி கட்டளையிடும் வசனம்தான் திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். ஆகவே வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஒரு பக்கம். யார், எப்போது வந்தார், வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். செல்போனில் பணம் வந்தாலும் தேதியைக் குறியுங்கள். ஒப்பந்தத்தைச் சட்டப்படி பதிவும் செய்துகொள்ளுங்கள். அந்த நோட்டு இருக்கும் இடத்தை மனைவிக்கும் மூத்த பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள். பக்கத்தின் மேலே, "இந்தத் தொகை என்னுடையதல்ல, நான் இல்லாவிட்டாலும் கொடுத்துவிடவும்" என்று ஒரு வரி எழுதுங்கள். அதுவே உங்கள் வஸிய்யத்தாகவும் அமையும்.

அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, பிறர் ஹக்கு நம் கழுத்தில் தங்காமல் காப்பானாக! ஆமீன்.